இடது செருப்பு மட்டும்

3 ஜூலை 2025, வியாழன்

பேராவூரணியிலிருந்து தேங்காய் லாரி விடியும் முன்பே தில்லிக் கடைக்கு வந்துவிட்டது. நல்ல மழை. மூட்டை நனையாமல் இறக்கியதே பெரிய காரியம். ராம்பிலாஸ் பீகார்க்காரன், என்னிடம் வேலைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. இன்னும் தேங்காயைச் செங்கல் மாதிரிதான் எறிகிறான். "மெதுவாடா!" என்று கத்தினேன். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது. தெரிந்தும் கேட்பதில்லை.

பாதி இறக்கியிருந்த ஷட்டரை மறந்து நிமிர்ந்துவிட்டேன். மண்டையில் ணங். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒன்றுமில்லை, ஷட்டரில்தான் பள்ளம். முப்பது வருஷமாகத் தேங்காய் விற்கிறவன் மண்டை, பின்னே எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்ததும் தங்கம் மஞ்சள் பற்றுப் போட்டாள். "பாத்து நிமிரக் கூடாதா?" என்றாள். பார்த்து நிமிர்ந்தால் ஏன் இடிக்கிறது? பெண்டாட்டிகளுக்கென்றே சில கேள்விகள் உண்டு. இதை அவள் படிக்க மாட்டாள், கண்ணாடி தேடச் சோம்பல். மகள் பிரியதர்ஷினி தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் எழுத்து பிடிபடவில்லை. அதனால் இந்த டைரிக்குப் பூட்டே தேவையில்லை.

4 ஜூலை

மண்டையில் ஒரு எலுமிச்சம்பழம். கத்தரிக்காய் நிறம். நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறேன் அல்லவா, லேசாகத் தட்டினாலும் இப்படிக் கன்றிவிடும். வியாபாரம் சுமார்.

29 ஜூலை, செவ்வாய்

கடை வாசலில் விட்ட செருப்பில் இடது மட்டும் இல்லை. வலது பத்திரமாக இருக்கிறது. ராம்பிலாஸ், "குத்தா லே கயா ஹோகா, அண்ணாஜி" என்றான். நாய் தூக்கியிருந்தால் கடித்துப் போட்ட துண்டாவது கிடைக்க வேண்டாமா? தெரு முழுக்கத் தேடினேன். இல்லை. புதுசு வாங்கினேன்.

9 ஆகஸ்ட், சனி

இந்த லாரியில் வந்த சரக்கு அபாரம். ஒவ்வொரு காயும் கையில் வைத்தால் கனக்கிறது. தண்ணீர் ததும்பும் காய். தோப்புக்காரருக்குப் போன் போட்டுப் பாராட்டினேன். அவர் பயந்துவிட்டார். நான் பாராட்டி அவர் கேட்டதே இல்லையாம். "எதுவும் கொறை இருந்தா நேரா சொல்லிடுங்கண்ணே, இப்படிச் சுத்தி வளைக்காதீங்க" என்கிறார்!

மறுபடியும் இடது செருப்பு போயிற்று. இந்தத் தடவை வீட்டு வாசலில். தில்லியில் இடது செருப்பு மட்டும் திருடுகிற ஆள் யார்? எதற்கு? வலது கால் இல்லாத திருடனா? அப்படியென்றால் எப்படி ஓடினான்?

லேசாகத் தலைவலி. வெயில்.

15 ஆகஸ்ட், வெள்ளி

கடை லீவு. காலையில் பால் வாங்கப் போய்த் திரும்பினேன், ஒரு ஆட்டோக்காரன் பின்னாலேயே வந்து நிறுத்தினான். கையில் என் இடது செருப்பு. "அங்கிள்ஜி, ஆப்கீ சப்பல் ரோட் பர் கிர் கயீ தீ." நடுரோட்டில் விழுந்ததாம். நானே போட்டுக்கொண்டு நடந்தேனாம், அதுவாகக் கழன்றதாம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். நல்ல கதை. திருடன் பயத்தில் எறிந்ததை இவன் பார்த்திருப்பான். செருப்பு கழன்றால் கால் உடையவனுக்குத் தெரியாதா?

காலைப் பார்த்தேன். வலதில் செருப்பு இருந்தது. இடதில் இல்லை.

தெரியவில்லைதான்.

27 ஆகஸ்ட், புதன், விநாயகர் சதுர்த்தி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்கு வருஷா வருஷம் சதுர்த்திக் காய் என் கடையிலிருந்துதான். ஒவ்வொன்றையும் நானே பார்த்துக் கொடுப்பேன். இடது கையில் வைத்துக் கனம் பார்ப்பேன், காதோரம் ஆட்டுவேன், வலது கை மோதிரத்தால் ஒரு தட்டு. கனம்தான் முதல், சத்தம் அதற்கப்புறம். இப்படிப் பார்த்து நான் தந்த காய் ஒன்றுகூட அங்கே அழுகியதில்லை. அந்தத் திமிரில் ஒருநாள் கமிட்டிக் கூட்டத்தில், "என் கை தொட்ட காய் சாமி முன்னாடி அழுகிப் போனா மீசையை எடுத்துடுறேன்" என்று சொல்லியும் வைத்தேன். கமிட்டிச் செயலாளர் நல்லசிவம் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், கிருஷி பவனில் செக்ஷன் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் முன்னால் தும்மினால்கூட அது மினிட்ஸில் ஏறிவிடும்.

இன்று சிதறுகாய். முதல் காயை உடைத்தார்கள். குப்பென்று ஒரு வாடை. குருக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது, உள்ளே கறுப்பு. மூன்றாவது நல்ல காய், அப்பாடா என்று மூச்சு விட்டேன். நான்காவது வெடித்து, அண்ணாச்சியின் பட்டு வேட்டியில் தெறித்தது.

அவர் வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார்.

"என்னவே கலியமூர்த்தி, இது ரெக்கார்டுல இருக்கு பாத்துக்கிடும்."

"அண்ணாச்சி, லாரி சூடு..."

"லாரி சூடுன்னு மினிட்ஸ்ல இல்லையே. மீசைன்னுதான் இருக்கு."

சதுர்த்தி அன்று சாமி முன்னால் அழுகல் காய். பெண்கள் எல்லாம் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். தங்கம் தலையைக் குனிந்துகொண்டே வெளியே வந்தாள். வெளியே வந்தால் என் செருப்பில் வலது மட்டும்.

28 ஆகஸ்ட்

மீசையை எடுக்க மாட்டேன். கை தப்பவில்லை. காய் ஏமாற்றிவிட்டது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது பிரியா என் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, லெஃப்ட் கால் ஏன் இழுக்கிறீங்க?"

"யாரு, நானா?"

"யே நார்மல் நஹீ ஹை. ரெண்டு கையும் முன்னாடி நீட்டுங்க. கண்ணை மூடுங்க. பாப்போம்."

ஏதோ விளையாட்டு என்று நினைத்து நீட்டினேன். மனசுக்குள் பத்து எண்ணினேன். கண்ணைத் திறந்தால் வலது கை இருந்த இடத்தில் இருக்கிறது. இடது கை யாரிடமோ பிச்சை கேட்பது போலத் திரும்பிக் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. நான் இறக்கவில்லை. சத்தியமாக நான் இறக்கவில்லை.

தங்கம் அழ ஆரம்பித்தாள். "அந்த ஷட்டர்... நான் அன்னைக்கே சொன்னேன்ல..." அன்றைக்கு அவள் சொன்னது பார்த்து நிமிர வேண்டும் என்பதுதான். எடுத்துச் சொல்ல நேரம் இல்லை. பிரியா ஏற்கெனவே வண்டி கூப்பிட்டுவிட்டாள்.

1 செப்டம்பர், திங்கள், ஆஸ்பத்திரி

ராத்திரியே தலையைப் படம் எடுத்துவிட்டார்கள். பெரிய வளையத்துக்குள் ஆளை நீட்டிப் படுக்க வைத்துத் தள்ளுகிறார்கள். காலையில் மூளை டாக்டர் வந்தார், பெயர் வைதேஹி. இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண், பிரியாவைவிட நாலைந்து வயது மூத்தவர் போல இருக்கிறார். கம்ப்யூட்டரில் என் தலையைக் காட்டினார்.

"அங்கிள், இது ஸ்கல், மண்டை ஓடு. இது ப்ரெய்ன். நடுவில இந்த ரைட் சைட்ல, க்ரே கலர்ல பிறை மாதிரி இருக்கோல்லியோ? அது பழைய ப்ளட். ஷட்டர்ல இடிச்சது அப்பவே லேசா கசிஞ்சிருக்கு. அப்புறம் தீரே தீரே, மெதுமெதுவா, சேர்ந்துண்டே போயிருக்கு."

"ஓட்டுக்கும் தேங்காய்ப் பருப்புக்கும் நடுவுல."

"எக்ஸாக்ட்லி!"

"ரைட்லன்னு சொல்றீங்க. எனக்கு இழுக்கறது இடது காலும்மா."

"மூளை க்ராஸா வேலை செய்யும் அங்கிள். ரைட் சைட் அமுங்கினா லெஃப்ட் கை, லெஃப்ட் கால் வீக். செருப்பு நழுவினா தெரியவே தெரியாது."

நான் வாயே திறக்கவில்லை. பிரியா திறந்தாள். இடது செருப்புத் திருடனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் பாடுபடவே இல்லை.

2 செப்டம்பர்

டாக்டர் விவரமாகச் சொன்னார். நமக்குப் புரிந்த மாதிரி எழுதி வைக்கிறேன்.

எல்லாத் தலைக்கும் ஒரே வைத்தியம் கிடையாதாம். படத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். கசிவு கொஞ்சமாக இருந்தால் சும்மா விட்டுவிட்டுக் கவனிப்பது, அது ஒரு குவியல். மூளையை ரொம்ப அழுத்தினால் உடனே மண்டையில் ஓட்டை போட்டு வடிப்பது, அது இரண்டாவது. நடுவில் மூன்றாவதாகப் புது வழி ஒன்று. மண்டையைத் தொடவே வேண்டாம். தொடையில் ஊசித் துளை மாதிரி ஒன்று போட்டு, தலைமுடி போன்ற குழாயை ரத்தக் குழாய் வழியாகவே மேலே அனுப்பி, அந்தக் கசிவுக்குத் தீனி போடுகிற கிளையை மட்டும் அடைத்துவிடுவது. தீனி நின்றால் சேர்ந்த ரத்தம் தானே கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிடும்.

"அப்போ நம்மளை மூணாவதுல போட்டுடும்மா" என்றேன்.

"நான் போட முடியாது அங்கிள், படம்தான் போடும். உங்க ஹார்ட் மாத்திரைனால ஓட்டை போட்டா ப்ளீடிங் ரிஸ்க் ஜாஸ்தி. அதனால எனக்கும் அதான் ஆசை. ஆனா நாங்க அடைக்கப் போற கிளை சில பேருக்குக் கண்ணுக்கும் ரத்தம் கொடுக்கும். அப்படி இருந்தா இந்த வழியைத் தொடக்கூடாது, பார்வை போயிடும். இன்னிக்கு மருந்து ஏத்தி ரத்தக் குழாயை மட்டும் தனியா படம் எடுப்போம். அதோட, ப்ரெய்ன் எவ்வளவு அமுங்கியிருக்குன்னும் பாக்கணும்."

"கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணி..."

"அங்கிள். இது ப்ரெய்ன்."

சரிதான். ஆசாத்பூர் மண்டியில் பேசுகிற பேச்சு இங்கே செல்லாது.

படத்துக்கு உள்ளே போகுமுன் அந்த இயந்திரத்துப் பையனிடம் இந்தியில் கேட்டேன், இதற்குள் ஒரு தேங்காயை வைத்தால் அழுகலா நல்லதா என்று தெரியுமா என்று. தெரியும் என்றான். அப்படியென்றால் ஒரு மூட்டை கொண்டு வரட்டுமா என்றேன். வெளியே நிற்கும் வரிசையைக் கையால் காட்டினான்.

நாள் பூராவும் படத்தின் முடிவு தெரியவில்லை. படுத்துக்கொண்டு யோசித்தேன். இத்தனை வருஷம் நான் தரம் பிரித்திருக்கிறேன். இது கோயிலுக்கு, இது ஓட்டலுக்கு, இது எண்ணெய்க்கு. கண்ணை மூடித் திறப்பதற்குள் எறிவேன். குவியலுக்கு நடுவில் கிடக்கிற காய்க்கு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஓட்டை போட்டு, அந்த மாத்திரையால் ரத்தம் நிற்காமல் போனால்? இல்லை, கண்ணுக்குப் போகிற கிளையாக இருந்தால்? கை இப்படியே நின்றுவிட்டால்? இடது கை இல்லாமல் நான் என்ன வியாபாரி? பிரியாவா கடையில் உட்கார்ந்து காயைத் தட்டுவாள்? அவள் தேங்காயை ஆன்லைனில் துருவலாக வாங்குகிறவள். என் மகள்!

3 செப்டம்பர், புதன்

படத்தைப் பெரிய டாக்டர்கள் கூடிப் பார்க்கிறார்களாம். ஒரு மரியாதைக்கு இருக்கட்டும் என்று நேற்றே ராம்பிலாஸுக்குப் போன் போட்டு, நான் போன வாரம் பார்த்துத் தனியே எடுத்து வைத்திருந்த முதல் தரக் காயில் ஒரு சாக்கு இங்கே இறக்கச் சொல்லியிருந்தேன். லஞ்சம் இல்லை. மரியாதை.

டாக்டர் வைதேஹி கையில் ஒரு காயோடு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அங்கிள், இதெல்லாம் வாங்கறது எங்களுக்கு அலவுட் இல்லை. திருப்பி அனுப்பறதுக்குள்ள கேன்டீன்காரர் ஒண்ணை உடைச்சுட்டார்."

"நல்ல காயா இருந்திருக்குமே."

"கேன்டீனை மூடிட்டாங்க அங்கிள்."

தங்கம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பிறகு தெரிந்தது, சிரிப்புதான்.

டாக்டர் கையிலிருந்த காயை என் வலது கையில் வைத்தார். "கண்ணை மூடுங்கோ. கனம் எப்படி?"

"லேசு. வற்றல்."

எடுத்துக்கொண்டார். இடது கையில் ஒன்றை வைத்தார். "இது?"

"இதும்மா காய்! ததும்புது பாருங்க. இதைக் கோயிலுக்கே கொடுக்கலாம்."

கண்ணைத் திறந்தேன்.

ஒரே காய்.

"வீக்கான கைக்கு எல்லாமே கனமாத்தான் தெரியும், அங்கிள். காயோட கனம் இல்லை அது. கையோட கஷ்டம்."

காயை இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அந்த லாரி அபாரம் என்று தோப்புக்காரரைக் கூப்பிட்டுப் பாராட்டியது ஞாபகம் வந்தது. சத்தம் சொல்லியிருக்கும். மோதிரம் தட்டும்போது சத்தம் சொல்லித்தான் இருக்கும். கனத்தில் மயங்கிக் காதைக் கேட்காமல் விட்டேன். ஆளைத் தட்டாமல், ஆட்டாமல், ஒரு படத்தை வைத்து இந்தப் பெண் உள்ளே இருப்பதைச் சொல்கிறார். நான் கையில் பிடித்த காயையே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தங்கம் சொன்னாள்: "ஓட்டை போடாம நல்லானா பிள்ளையாருக்கு நூத்தியெட்டுக் காய் உடைக்கிறதா வேண்டியிருக்கேன்."

"நம்ம கடையில எடுத்துக்க."

"ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல அந்த மலையாளத்துக்காரர் கிட்ட வாங்கிக்கிறேன்."

"ஏண்டி!"

"சாமி காரியம்ங்க. நம்பிக்கையான எடத்துல வாங்கணும்."

4 செப்டம்பர்

மூன்றாவது குவியல்!

கண்ணுக்குக் கிளை போகவில்லை. மூளை அமுங்கியிருக்கிறது, ஆனால் உடனே ஓட்டை போடுகிற அளவுக்கு இல்லை. படம் சொல்லிவிட்டது. கூடவே டாக்டர் ஒன்று சொன்னார்: நடுவில் தலைவலி கூடினாலோ, கை இன்னும் இறங்கினாலோ, தூக்கம் மாதிரி மயங்கினாலோ பேச்சே இல்லை, ஓட்டைதான். "எதையும் மறைக்கக் கூடாது அங்கிள். திருடன் எடுத்துண்டு போனான்னு சொல்லக் கூடாது." சரி என்றேன். அவ்வளவு பணிவாக நான் யாரிடமும் சரி சொன்னதில்லை.

சாயங்காலம் நல்லசிவம் அண்ணாச்சி ஆப்பிள் பையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சீலிங்கைப் பார்த்தார்.

"அப்பம் இது வேற கேஸுவே. மூளைக்கு மேல ரத்தம். மீசையை வாபஸ் வாங்கிக்கிடலாம். நான் கமிட்டில நோட் போட்டுருதேன்."

"வேணாம் அண்ணாச்சி. மூளையில ரத்தம் இருந்தா விதிவிலக்குன்னு அன்னைக்கு நான் சொல்லலை."

"அதுவும் சரிதான். ரெக்கார்டுல இல்லை."

கொஞ்சம் வற்புறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஆப்பிளில் ஒன்றை எடுத்துத் துடைத்து அவரே சாப்பிட ஆரம்பித்தார்.

5 செப்டம்பர், வெள்ளி

காலையில் மீசையை எடுத்தேன். தங்கம் பார்த்துவிட்டு, "ஐயய்யோ, உங்க தம்பி மாதிரி இருக்கீங்க" என்றாள். எனக்கு என் தம்பியைப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஆபரேஷன் பேப்பர் சரி பார்க்க வந்த பையன் ஆதாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி ஆதாரைப் பார்த்தான். "யே கௌன் ஹை? பேஷண்ட் கஹான் ஹை?" பேஷண்டே நான்தானய்யா! நம்பவில்லை. பெரிய நர்ஸைக் கூப்பிட்டான். நர்ஸ் ஆதார்ப் படத்தில் மீசை இருந்த இடத்தை விரலால் மறைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் விட்டார்கள். எல்லோரும் என்னைப் படத்தை வைத்துத்தான் எடை போடுகிறார்கள் இந்த வாரம்.

தலைமுடி தப்பியது. வேறோர் இடத்தில் மழித்தார்கள். அதை எழுதப் போவதில்லை.

நாளைக்கு. பயமாகத்தான் இருக்கிறது. ஓட்டை இல்லை, ஊசித் துளைதான், எல்லாம் சரி... இருந்தாலும் தலைக்குள்ளே போகிறார்கள். தங்கம் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் கை பிடித்திருப்பது பார்த்தால்தான் தெரிகிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

6 செப்டம்பர்

முடிந்தது. முழித்துக்கொண்டே படுத்திருந்தேன். திரையில் என் ரத்தக் குழாய்கள், மரக்கிளை மாதிரி. ஒரு கிளை மட்டும் மெல்ல மறைந்தது. "தட்ஸ் இட், அங்கிள்" என்றார் டாக்டர். வலி? கொசுக்கடி. பசிதான் தாங்கவில்லை. கேன்டீன் திறந்துவிட்டது, நன்றாகக் கழுவியிருக்கிறார்கள். சட்னியில் தேங்காய் இல்லை.

20 செப்டம்பர்

வீட்டுக் காவல். கடைக்குப் போகத் தங்கம் விடவில்லை. பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தேன். குக்கரைத் தட்டிப் பார்த்தேன். கேஸ் சிலிண்டரைத் தட்டினேன். தங்கம் என்னைத் தட்டினாள்.

20 அக்டோபர், தீபாவளி

போன வாரம் எடுத்த படத்தில் பாதி வற்றிவிட்டதாம். இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடினேன். திறந்தபோது இரண்டும் ஒரே மட்டத்தில். பிரியா கை தட்டினாள். அறுபத்து மூன்று வயதில் கையை நீட்டியதற்குக் கைதட்டல்.

8 டிசம்பர், திங்கள்

ஆஸ்பத்திரி. கடைசிப் படம். டாக்டர் பழைய படத்தையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறையைக் காணோம். ஓட்டோடு பருப்பு ஒட்டி நிற்கிறது. "ஃபர்ஸ்ட் க்ளாஸ் தேங்காய், அங்கிள்" என்றார். தட்டிப் பார்க்காமல் தரம் சொல்லக் கூடாது என்று அவரை நான் திருத்தவில்லை.

மீசை வந்துவிட்டது. முன்னைவிட வெள்ளை.

14 டிசம்பர், ஞாயிறு

வேண்டுதல். மலையாளத்துக்காரரிடம் வாங்கும் பேச்சு நேற்று மாலைவரை இருந்தது. கடைசியில் தங்கமே கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். "பாருங்க, நான் பாக்கறேன்" என்றாள். ஒவ்வொன்றையும் வலது கையில் ஒரு தடவை, இடது கையில் ஒரு தடவை. அப்புறம் ஆட்டல். அப்புறம் தட்டல். அவசரப்படவில்லை. ராம்பிலாஸ் தூங்கியே விட்டான்.

இன்று காலை நல்ல பனி, குளிர். கோயிலில் நல்லசிவம் அண்ணாச்சி குரங்குக் குல்லா, மூக்குக் கண்ணாடியோடு முன்னாலேயே நின்றார். இந்தத் தடவை பட்டு வேட்டி கட்டவில்லை. சாதா வேட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட். ஒவ்வொரு காயும் உடைந்ததும் குனிந்து மோந்து பார்த்தார். வெள்ளை. வெள்ளை. வெள்ளை. எல்லாம் உடைந்து முடிந்ததும் ஷீட்டை அவிழ்த்து மடித்துக்கொண்டே சொன்னார்: "ஆல் க்ளியர்வே. மீசை கன்டின்யூ ஆகலாம்."

தங்கம் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள், எப்போதையும்விட நீண்ட நேரம். நான் முதலில் வெளியே வந்தேன்.

செருப்பு விட்ட இடத்தைப் பார்த்தேன். நன்றாகத் தேடினேன். தூண் பின்னால், படிக்குக் கீழே, மற்றவர் செருப்புகளுக்கு நடுவில். தரை ஐஸ் மாதிரி இருந்தது.

தங்கம் வந்தாள். நான் அங்கே நின்று சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவள் முகம் மாறியது. கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கையை. நன்றாகத் தெரிந்தது, வளையல் குளிர்ந்தது உட்பட.

"என்னங்க? என்ன ஆச்சு? ஏன் சிரிக்கிறீங்க?"

"செருப்பைக் காணோம் தங்கம்."

"ஐயோ... மறுபடியுமா?"

"இல்லடி. ரெண்டும் காணோம்."